ரூட் கேனால்: நேரம் எங்கே மிச்சமாகிறது?

பல் வலி தாங்க முடியாமல் போகிறவர் மருத்துவரிடம் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான். "டாக்டர், இதைப் பிடுங்கிப் போட்டுடுங்க." மருத்துவர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "பிடுங்க வேண்டாம்மா, வேர் நல்லாத்தான் இருக்கு. ரூட் கேனால் பண்ணினா பல்லைக் காப்பாத்திடலாம்" என்பார். உடனே ஒரு கேள்வி வரும். "எவ்வளவு ஆகும்?" அதற்குப் பதில் கிடைத்ததும் இன்னொரு கேள்வி வரும். "எத்தனை தடவை வரணும்?"

முதல் கேள்வியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவது கேள்வி அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. பல பற்கள் பிழைப்பதும் போவதும் அதில்தான் இருக்கிறது.

திருக்காட்டுப்பள்ளி மாதிரி ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் நெல் வயல், வாழை. நடவு நேரத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை என்றால் அன்றைய கூலி போச்சு. சின்னக் கடை வைத்திருப்பவர் என்றால் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவர் பஸ்ஸுக்காக நிற்க வேண்டும். தஞ்சாவூருக்கே போய்ப் பார்த்துக்கொள்வது என்றால் சுமார் 25 கிலோமீட்டர். போக ஒரு பஸ், வர ஒரு பஸ், நடுவில் காத்திருப்பு, டீ, சாப்பாடு. துணைக்கு ஒருவர் வந்தால் இரண்டு பேர் கூலி.

சும்மா கணக்குக்காக, ஒரு தடவை வந்து போக 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு தடவைக்கு 2,400 ரூபாய். மருத்துவர் கொடுக்கும் பில்லில் இந்தத் தொகை இருக்காது. ஆனால் நோயாளியின் மடியிலிருந்து போவது நிஜம். பி.காம் படிப்பவர்கள் "வாய்ப்புச் செலவு" என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் படிப்பது இதைத்தான். கணக்குப் புத்தகத்தில் ஏறாத செலவு, ஆனால் முடிவுகளை மாற்றிவிடும் செலவு.

எப்படி மாற்றுகிறது? ரூட் கேனாலில் முதல் தடவையிலேயே வலி பெரும்பாலும் அடங்கிவிடும். வலி போனபின் அடுத்த 600 ரூபாயைச் செலவு செய்ய மனம் வராது. "அறுப்பு முடியட்டும், அப்புறம் போகலாம்" என்று தள்ளிப்போடுவார்கள். பல்லில் இருப்பதோ தற்காலிக அடைப்பு. கொஞ்ச நாளில் அது கரைந்து, உடைந்து, எச்சிலும் கிருமியும் மறுபடி உள்ளே போகும். ஆறு மாதம் கழித்து வீங்கிய கன்னத்தோடு வந்து, "டாக்டர், பிடுங்கிப் போட்டுடுங்க" என்பார்கள். அப்போது மருத்துவருக்கும் வேறு வழி இருக்காது. கொடுத்த பணமும் போச்சு, பல்லும் போச்சு.

ஆக, ஒரு பல் மருத்துவர் இந்த வேலையைத் திறமையாக, குறைந்த நேரத்தில், குறைந்த தடவைகளில் முடிப்பது அவருடைய வருமானத்துக்கு மட்டும் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. நோயாளியின் பல் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் குறைந்த நேரம் என்றால் அவசரமா? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

வாய்க்கால் தெரிந்தவர்களுக்கு வேர்க்கால்வாய் தெரியும்

ரூட் கேனாலைத் தமிழில் வேர்க்கால்வாய் சிகிச்சை என்கிறார்கள். டெல்டாக்காரர்களுக்கு இதைவிட எளிதாக விளங்கும் பெயர் இருக்க முடியாது. அதிலும் திருக்காட்டுப்பள்ளி, காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற ஊர். ஆற்றிலிருந்து கிளை ஆறு, அதிலிருந்து வாய்க்கால், கடைசியில் கடைமடை என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பல்லின் கதையும் அதேதான். மேலே எனாமல், அதற்கு அடியில் டென்டின், நடுவில் ஒரு சின்ன அறை. அந்த அறையிலிருந்து ஒவ்வொரு வேருக்குள்ளும் மெல்லிய கால்வாய் இறங்குகிறது. நரம்பும் ரத்தக் குழாயும் அதற்குள் இருக்கின்றன. சொத்தை ஆழமாகப் போய் அறையைத் தொட்டுவிட்டால் உள்ளே கிருமி புகுந்து, நரம்பு அழுகி, வேர் நுனியில் சீழ் கட்டுகிறது.

முன்பல்லுக்கு வழக்கமாக ஒரு கால்வாய். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று அல்லது நான்கு. மேல் கடைவாய்ப் பல்லில் வேர் மூன்றுதான் என்றாலும், நான்காவதாக ஒரு கால்வாய் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். பல்லின் மொத்த நீளமே 20 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். கால்வாயைச் சுத்தம் செய்யும் ஃபைல் என்ற மெல்லிய அரத்தில் 15 என்ற எண் போட்டிருந்தால், அதன் நுனி 0.15 மில்லிமீட்டர் என்று அர்த்தம். அவ்வளவு பொடி வேலை.

செய்ய வேண்டியது மூன்று. திறக்க வேண்டும், தூர் வார வேண்டும், அடைக்க வேண்டும். நடுவில் கால்வாயை மருந்து நீரால் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். இதைப் பல் மருத்துவர்கள் "இரிகேஷன்" என்கிறார்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்கும் ஆங்கிலத்தில் அதே வார்த்தைதான் :-) இரண்டிலும் கஷ்டமும் ஒன்றுதான். தலைமடையில் தண்ணீர் நன்றாகத்தான் ஓடும். கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. வேர் நுனியின் கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரில் மருந்து போய்ச் சேராவிட்டால், மேலே எவ்வளவு சுத்தம் செய்தும் பிரயோஜனமில்லை.

கிருமிதான் எதிரி என்பது ஊகமாக இருந்தது ஒரு காலம். 1965ல் அமெரிக்காவில் காக்கெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூவர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்து நரம்பைத் திறந்து விட்டபோது, காயம் தானாக ஆறியது. சாதாரண எலிகளுக்கோ நரம்பு செத்து, சீழ் வைத்தது. துளை ஒன்றுதான், கிருமி மட்டும்தான் வித்தியாசம். ரூட் கேனாலில் எந்த வேலையில் நேரத்தைக் குறைக்கலாம், எதில் கூடாது என்பதற்கு இந்தச் சோதனையே அளவுகோல். கிருமியை விரட்டும் வேலையிலும், அது திரும்ப வராமல் தடுக்கும் வேலையிலும் கை வைக்கக் கூடாது. மற்றதெல்லாம் பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது.

செங்கல்லும் கண்ணும்

மேலாண்மைப் பாடத்தில் டெய்லருக்கு அடுத்து வருகிற பெயர் ஃபிராங்க் கில்பிரெத். கொத்தனார் வேலையிலிருந்து வந்தவர். ஒரு செங்கல்லை வைக்கக் கொத்தனார் 18 அசைவுகள் செய்வதைப் பார்த்து, அதை 5 ஆகக் குறைத்துக் காட்டினார். கையை வேகமாக ஆட்டச் சொல்லவில்லை. செங்கல் அடுக்கை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தார், குனிந்து நிமிரும் வேலை போனது. பிறகு அறுவை சிகிச்சை அறைகளையும் படமெடுத்துப் பார்த்தார். மருத்துவர் கருவியைத் தேடித் திரும்பக் கூடாது, கேட்டதும் உதவியாளர் கையில் வைக்க வேண்டும் என்றார். இன்று எல்லா ஆபரேஷன் தியேட்டரிலும் நடப்பது அதுதான். பல் மருத்துவத்தில் இதையே "நான்கு கை" முறை என்கிறார்கள். மருத்துவரின் இரண்டு கை, உதவியாளரின் இரண்டு கை.

தமிழ்நாட்டிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. 1976ல் மதுரையில், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே ஒரு மருத்துவருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜைகள். ஒரு மேஜையில் கண்புரை அறுவை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார். முடிந்ததும் மருத்துவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திரும்புவார், அவ்வளவுதான். தயார் செய்வது, கட்டுப் போடுவது எல்லாம் பயிற்சி பெற்ற உதவியாளர்கள். பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். ஹார்வர்டு வரைக்கும் பாடமாகப் போன கதை இது.

கவனித்துப் பார்த்தால், அரவிந்தில் கண்ணுக்குள் கத்தி இருக்கும் நேரத்தை யாரும் பிடித்து இழுக்கவில்லை. கத்தி சும்மா இருக்கும் நேரத்தைத்தான் குறைத்தார்கள். ரூட் கேனாலுக்கும் அதே சூத்திரம். பல்லுக்கு வெளியே மிச்சம் பிடி, பல்லுக்குள் தாராளமாகச் செலவு செய்.

பல்லுக்கு வெளியே போகிற நேரம்

ஒரு பேச்சுக்கு, சின்ன ஊரில் ஒரு மருத்துவர், ஒரு நாற்காலி, ஓர் உதவியாளர். ரூட் கேனாலுக்கு ஒருவர் வந்து உட்கார்ந்ததிலிருந்து எழுந்து போகும்வரை 70 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பல்லுக்குள் வேலை நடப்பது 45 நிமிடம் இருக்கலாம். மீதி 25 நிமிடம்?

உதவியாளர் பஞ்சு எடுக்க எழுந்து போகிறார். 25 நீளத்து ஃபைல் எந்த டப்பாவில் என்று தேடுகிறார்கள். எக்ஸ்ரேயை எடுத்த பிறகுதான் ஒரு கோணம் சரியில்லை என்று தெரிந்து மறுபடி எடுக்கிறார்கள். நடுவில் போன் வருகிறது. நோயாளி ஒவ்வொரு நிமிடமும் எழுந்து வாய் கொப்பளிக்கிறார். இந்த 25 நிமிடத்தில் ஒரு நிமிடம்கூடப் பல்லுக்கு உபயோகமில்லை.

இதைக் குறைக்க ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். ஒரு ரூட் கேனாலுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே தட்டில், வேலை நடக்கும் வரிசையிலேயே அடுக்கி, கிருமி நீக்கி, மூடி வைப்பது. ஃபைல்களின் கைப்பிடியில் உலகம் முழுக்க ஒரே வண்ண வரிசைதான். 15 வெள்ளை, 20 மஞ்சள், 25 சிவப்பு, 30 நீலம், 35 பச்சை, 40 கறுப்பு. இதை உதவியாளர் மனப்பாடமாக வைத்திருந்தால் மருத்துவர் வாய் திறந்து கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

மரத்துப்போகும் ஊசி இன்னொரு இடம். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் போடும் ஊசி நன்றாகப் பிடிக்க 10, 15 நிமிடமாவது ஆகும். இந்தக் காத்திருப்பைக் குறைக்க முடியாது. குறைத்தால் நோயாளி துள்ளுவார், மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு. ஆனால் அந்த நேரத்திலேயே எக்ஸ்ரேயை உட்கார்ந்து பார்க்கலாம். வேர் எப்படி வளைந்திருக்கிறது, எத்தனை கால்வாய் இருக்கும், தோராயமாக எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்ளலாம். என்ன செய்யப் போகிறார்கள், எத்தனை தடவை ஆகும் என்று நோயாளிக்குச் சொல்லலாம். ஒன்றன்பின் ஒன்றாக நடந்த வேலைகள் பக்கத்துப் பக்கத்தில் நடந்தால் நேரம் தானாகச் சுருங்கும்.

மூன்றாவது, கருவித் தட்டுகளின் எண்ணிக்கை. ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைக்க வேண்டும். சூடேற, ஆற, காய எல்லாம் சேர்த்தால் அதைவிட நிறைய ஆகும். ஒரே ஒரு தட்டு இருந்தால் அடுத்த நோயாளி அதற்காகக் காத்திருப்பார், அல்லது யாராவது ஒழுங்காகக் கிருமி நீக்காமல் எடுத்துவிடுவார்கள். நான்கு தட்டு வைத்திருந்தால் இரண்டு பிரச்சினையும் இல்லை. சரக்கு மேலாண்மையில் படிக்கும் குறைந்தபட்ச இருப்பு என்பது வேறென்ன?

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தூர் வாரும் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தண்ணீர் வந்த பிறகு மண்வெட்டியைத் தேடிக்கொண்டிருந்தால் ஊரே சிரிக்கும். நோயாளி வாயைத் திறந்த பிறகு ஃபைலைத் தேடுவதும் அப்படித்தான்.

நேரம் கொடுத்து நேரம் வாங்குவது

சில வேலைகள் பார்க்க நேர விரயம் போல இருக்கும். ஆனால் கடைசியில் நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கும். ரப்பர் டேம் அப்படி ஒன்று. நடுவில் துளை போட்ட ரப்பர்த் தாளைப் பல்லைச் சுற்றிக் கட்டிவிட்டால், அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும். நியூயார்க்கில் சான்ஃபோர்டு பார்னம் என்ற பல் மருத்துவர் 1864ல் கண்டுபிடித்தது. மாட்டச் சில நிமிடம் ஆகும். "எதுக்கு இது?" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் மாட்டிய பிறகு எச்சில் உள்ளே வராது, மருந்து வாய்க்குள் போகாது, கை தவறினாலும் ஃபைல் தொண்டைக்குள் விழாது. நோயாளி எழுந்து எழுந்து துப்ப வேண்டியதில்லை. போட்ட நிமிடங்கள் வட்டியோடு திரும்பி வருகின்றன.

கருவிகளின் கதையும் சுவாரஸ்யமானது. 1838ல் எட்வர்டு மேனார்டு என்ற அமெரிக்கர் கடிகார ஸ்பிரிங்கை அரத்தால் தேய்த்து, கால்வாய்க்குள் விடும் கருவி செய்தார். பிறகு நூறு வருடத்துக்கு மேல் எல்லாம் எஃகு ஃபைல்கள், கையால் திருகுவது. எஃகு விறைப்பாக இருக்கும், வளைந்த வேரில் நேராகப் போகப் பார்க்கும். 1988ல் வாலியாவும் அவருடைய சகாக்களும், பல்லுக்குக் கம்பி கட்டப் பயன்படும் நிக்கல் டைட்டானியம் கம்பியிலிருந்து ஃபைல் செய்து பார்த்தார்கள். எஃகைவிட இரண்டு மூன்று மடங்கு வளைந்து கொடுத்தது. அதிலிருந்து வந்தவைதான் மோட்டாரில் சுழலும் இன்றைய ஃபைல்கள். கையால் பத்துப் பன்னிரண்டு ஃபைல்கள் போட்ட இடத்தில் இப்போது மூன்று நான்கு போதும்.

கால்வாயின் நீளம் கண்டுபிடிப்பதும் அப்படியே. 1899ல் எட்மண்ட் கெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் கால்வாய்க்குள் ஈயக் கம்பியை விட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எக்ஸ்ரே கண்டுபிடித்து நான்கே வருடம். 1962ல் ஜப்பானில் சுனாடா, மின்தடையை வைத்து வேர் நுனியைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொன்னார். இன்றைய அபெக்ஸ் லொக்கேட்டர் அந்த வழியில் வந்தது. ஃபைல் நுனிக்கு அருகில் போகும்போது பீப் அடிக்கும். ஆரம்பத்தில் எடுத்த எக்ஸ்ரேயையும் வைத்துச் சரிபார்த்துக்கொண்டால், நடுவில் நாலு எக்ஸ்ரே எடுக்கும் வேலை குறைகிறது.

இதெல்லாம் சின்ன ஊருக்குக் கட்டுப்படியாகுமா? மறுபடியும் ஒரு பேச்சுக்கணக்கு. மோட்டாரும் லொக்கேட்டரும் சேர்த்து 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு மூன்று ரூட் கேனால் என்றால் வருடத்துக்கு 150. ஒரே வருடத்தில் எடுத்துவிட வேண்டும் என்றால்கூட ஒரு பல்லுக்கு 400 ரூபாய். ஒவ்வொன்றிலும் 20 நிமிடம் மிச்சம் என்றால் வருடத்துக்கு 50 மணி நேரம். நோயாளிக்கு ஒரு தடவை வருவது குறைந்தாலே அந்த 400 ரூபாய் அவருக்கு லாபம்தான்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

சரி, எதில் குறைக்கக் கூடாது?

முதலில், கால்வாய்களைத் தேடும் நேரம். ஒரு கால்வாய் விட்டுப்போனால் மற்ற மூன்றையும் எவ்வளவு அழகாகச் செய்தாலும் பல் மறுபடி வலிக்கும். ஒரு வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டுவிட்டு, ஊர் முழுக்கத் தண்ணீர் வரும் என்று எதிர்பார்ப்பது போல.

இரண்டாவது, கழுவும் நேரம். துணி வெளுக்கும் பிளீச்சில் இருக்கிற சோடியம் ஹைப்போகுளோரைட்தான் இங்கேயும் முக்கிய மருந்து. முதல் உலகப் போரில் காயங்களைக் கழுவ டேக்கின் என்ற வேதியியலாளர் பிரபலப்படுத்தியது. இது கிருமியைக் கொல்லவும் அழுகிய திசுவைக் கரைக்கவும் நேரம் எடுக்கும். மோட்டார் ஃபைல் வந்த பிறகு ஒரு புதுச் சிக்கல் வந்தது. முன்பு கையால் ஒரு மணி நேரம் திருகும்போது மருந்தும் ஒரு மணி நேரம் உள்ளே இருந்தது. இப்போது பத்து நிமிடத்தில் ஃபைல் வேலை முடிந்துவிடுகிறது. மருந்தும் பத்தே நிமிடம் இருந்தால் போதுமா? போதாது. ஃபைல் மிச்சம் பிடித்த நேரத்தைக் கழுவுவதற்குக் கொடுத்துவிட வேண்டும். ஊசியை அழுத்தி வேகமாகப் பீச்சினால் மருந்து வேர் நுனியைத் தாண்டிப் போய்ப் பெரிய வீக்கமும் வலியும் வரும். ஆகவே மெதுவாக, திரும்பத் திரும்ப.

மூன்றாவது, ஃபைலைத் திணிக்கும் அவசரம். நிக்கல் டைட்டானியம் ஃபைல் ஒடிவதற்கு முன் பெரும்பாலும் எச்சரிக்கை தராது. பல தடவை உபயோகித்துக் களைத்த ஃபைலை இன்னொரு பல்லுக்கு ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தால், உள்ளே ஒடிந்து நிற்கும். அதை எடுக்க ஆகும் நேரத்தில் இரண்டு ரூட் கேனால் முடித்திருக்கலாம். எடுக்க முடியாமலும் போகலாம். எத்தனை பல்லுக்கு உபயோகித்தோம் என்று எண்ணி வைத்து, கணக்கு முடிந்ததும் தூக்கிப் போடுவதுதான் உண்மையான சிக்கனம்.

நான்காவது, கிருமி நீக்கம். இதைப் பற்றிப் பேசும்போது வாணியம்பாடியைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருப்பத்தூர் மாவட்டத்தில் 2022, 2023ல் சிலருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற கடும் கிருமித் தொற்று வந்தது. வாணியம்பாடியில் ஒரு பல் சிகிச்சை மையத்துக்குப் போய் வந்தவர்களில் 8 பேர் இறந்துபோனார்கள். ஆராய்ந்தவர்கள் 2025ல் வெளியிட்ட அறிக்கை சொன்ன காரணம் திகைக்க வைக்கிறது. சலைன் பாட்டிலைக் கிருமி நீக்காத ஒரு கருவியால் திறந்திருக்கிறார்கள். சரியாக மூடாமல் வைத்து, அதே பாட்டிலை மறுபடி மறுபடி உபயோகித்திருக்கிறார்கள். ஒரு புதுப் பாட்டில் எடுத்துத் திறக்க எத்தனை வினாடி ஆகும்? என்ன விலை ஆகும்? மிச்சம் பிடிக்கவே கூடாத இடத்தில் மிச்சம் பிடித்ததன் விலை எட்டு உயிர்.

ஒரே தடவையா, பல தடவையா?

ஆரம்பத்துக் கேள்விக்கு வரலாம். ரூட் கேனாலை ஒரே தடவையில் முடிக்கலாமா?

உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு இதை 2007லிருந்து சில முறை அலசியிருக்கிறது. பல் ஆறுவதைப் பொறுத்தவரை ஒரே தடவையில் செய்வதற்கும் பல தடவையில் செய்வதற்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஒரே தடவையில் செய்தவர்களுக்கு முதல் சில நாட்களில் வலி கொஞ்சம் அதிகமாக இருக்கலாம், வலி மாத்திரை தேவைப்படலாம். பஸ் பிடித்து வரும் கூலித் தொழிலாளிக்கு இது நல்ல செய்திதான். இரண்டு நாள் மாத்திரையா, இரண்டு நாள் கூலியா என்று அவரே முடிவு செய்துகொள்ளலாம்.

எல்லாப் பல்லுக்கும் இது சரிவராது. சீழ் வடிந்துகொண்டே இருந்தால், கால்வாய் உலரவே மாட்டேன் என்றால், நோயாளியால் அவ்வளவு நேரம் வாய் திறந்து உட்கார முடியாவிட்டால், உள்ளே மருந்து வைத்து மூடிவிட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து வரச் சொல்வதுதான் முறை. அப்போது "ஏன் இழுக்கிறார்?" என்று மருத்துவரைச் சந்தேகப்பட வேண்டாம்.

பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் குறைவு. சிதம்பரத்தில் 1980ல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. 2023ல் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் கையில் வேலை மெதுவாகத்தான் போகும், போக வேண்டும். கட்டணத்தில் மிச்சமாவதையும் பஸ்ஸிலும் கூலியிலும் போவதையும் சேர்த்துப் பார்த்துத்தான் எது மலிவு என்று சொல்ல முடியும்.

நோயாளி செய்ய வேண்டியது

மருத்துவர் பக்கம் மட்டுமே நேரம் போவதில்லை. வீங்கும்வரை காத்திருந்து போனால் முதல் தடவை வீக்கத்துக்கே சரியாகிவிடும். கூசும்போதே, குளிர்ந்த தண்ணீர் பட்டு வலிக்கும்போதே போனால் வேலை பாதி. சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை என்று எது சாப்பிட்டாலும் சீட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் அதற்காகவே ஒரு தடவை திருப்பி அனுப்புவார்கள். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை, சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியம், கேப் போடுவதை விடாமல் முடிப்பது. 1995ல் ரே, ட்ரோப் என்ற இருவர் ரூட் கேனால் செய்த 1,010 பற்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தார்கள். வேருக்குள் அடைத்தது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைவிட, மேலே மூடியது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதோடுதான் பல்லின் ஆரோக்கியம் அதிகம் ஒத்துப்போனது. மேல் மூடி ஒழுகினால் கீழே செய்த அத்தனை வேலையும் வீண். நரம்பு எடுத்த கடைவாய்ப் பல் கேப் இல்லாமல் முறுக்கைக் கடித்தால் பிளந்துபோகவும் வாய்ப்புண்டு. ஆனால் வலி இல்லாததால், மக்கள் அதிகம் தவறவிடுவதும் அந்தக் கடைசித் தடவையைத்தான்.

அதனால் நாற்காலியில் உட்காரும் முன்பே மூன்று கேள்வி கேட்டுவிடுவது நல்லது. மொத்தம் எத்தனை தடவை, கேப்பையும் சேர்த்து? ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம்? நடவு, அறுப்பு, திருவிழா பார்த்து நாளை முன்கூட்டியே குறித்துத் தர முடியுமா? நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார். வராமல் போகும் நோயாளியால் காலியாகக் கிடக்கும் நாற்காலி அவருக்கும் நஷ்டம்தான். நாள் குறித்த சீட்டைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டால், பல்லைப் பிடுங்கும் பேச்சு அந்த வீட்டில் கொஞ்ச வருடத்துக்கு எழாது.